அன்இன்ஸ்டால் செய்தும் சி டிரைவில் இடம் காலியாகவில்லை: மிச்சம் எங்கே இருக்கும்?

கேள்வி

விண்டோஸ் 11, 256 ஜிபி எஸ்எஸ்டி, 16 ஜிபி ராம். சி டிரைவ் சிவப்பாகிவிட்டதால் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, ஐடியூன்ஸ், ஒரு வீடியோ எடிட்டர், ஒரு டிரையல் ஆன்டிவைரஸ் நான்கையும் செட்டிங்ஸ் வழியாக நீக்கினேன். 40 ஜிபியாவது தேறும் என்று பார்த்தால் 5 தான் தேறியது. ரீசைக்கிள் பின்னும் காலி. ஆன்டிவைரஸ் பட்டியலில் இல்லை, ஆனால் அதன் ஃபோல்டர் புரோகிராம் ஃபைல்ஸில் அப்படியே இருக்கிறது. அழிக்கப் போனால் அனுமதி இல்லை என்கிறது. ரெஜிஸ்ட்ரி கிளீனர் ஏதாவது போட்டால் சரியாகுமா?

பதில் 1

ரெஜிஸ்ட்ரி கிளீனர் வேண்டவே வேண்டாம். விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி மொத்தமுமே பொதுவாகச் சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். அதைச் சுரண்டி ஜிபி கணக்கில் இடம் எடுக்க முடியாது, தப்பான வரியை எடுத்துவிட்டால் வேறு ஏதாவது படுத்துக்கொள்ளும்.

அன்இன்ஸ்டாலர் தான் கொண்டுவந்து வைத்ததை மட்டும்தான் எடுத்துப்போகும். நிறுவிய பிறகு மென்பொருள் இறக்கியதும் உருவாக்கியதும் உங்கள் தரவு என்ற கணக்கில் சேர்ந்துவிடும், அதில் அது பெரும்பாலும் கைவைக்காது. செட்டிங்ஸ் பட்டியலில் தெரியும் அளவும் பல மென்பொருள்களுக்கு நிறுவும்போது எழுதிவைத்த மதிப்பீடுதான். பின்னால் வளர்ந்தது அதில் வராது.

முதலில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஹிடன் ஐட்டம்ஸ் போய் டிக் செய்யுங்கள். பிறகு சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர் உள்ள ஃபோல்டர். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் பாரம் முழுக்க இங்கேதான்:

– ஆப்டேட்டா, லோக்கல், ஆண்ட்ராய்டு, எஸ்டிகே (ஆப் எழுதும் கருவித் தொகுப்பு). எமுலேட்டரின் (கணினிக்குள்ளேயே ஓடும் போலி போன்) சிஸ்டம் இமேஜ்கள் இதற்குள். பெரும்பாலும் இதுதான் பெரிய மீன்.
– பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த ஆண்ட்ராய்டு ஃபோல்டர். அதனுள் ஏவிடி என்பதில் நீங்கள் உருவாக்கிய ஒவ்வொரு எமுலேட்டரும் தனித்தனியாகப் பல ஜிபி.
– அதேபோல் புள்ளி வைத்த கிரேடில் ஃபோல்டர். பில்டு செய்யும்போது, அதாவது எழுதிய நிரலை ஆப்பாக மாற்றும்போது, இறக்கிய லைப்ரரிகளின் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு).
– ஆப்டேட்டாவின் லோக்கல், ரோமிங் இரண்டிலும் கூகுள் ஃபோல்டருக்குள் பதிப்பு எண்ணோடு இருக்கும் ஸ்டுடியோ ஃபோல்டர்கள். புதுப் பதிப்பு வரும்போது பழையது அங்கேயே தங்கிவிடும்.

ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் என்று ஆப் எழுதும் வேறு கருவி எதற்காவது எஸ்டிகே தேவைப்படுமா என்று மட்டும் யோசித்துவிட்டு அழியுங்கள். புள்ளி ஆண்ட்ராய்டு ஃபோல்டரில் டீபக் கீஸ்டோர் கோப்பும் (சோதனை ஆப்களில் கையொப்பமிடும் சாவி) இருக்கும். இனி ஆப் எழுதப் போவதில்லை என்றால் அது போனாலும் கவலையில்லை.

ஐடியூன்ஸை நீக்கினாலும் ஐபோன் பேக்கப் போகாது. ஆப்பிள் தளத்திலிருந்து இறக்கியதாக இருந்தால் ஆப்டேட்டா, ரோமிங், ஆப்பிள் கம்ப்யூட்டர், மொபைல்சிங்க், பேக்கப். ஸ்டோர் பதிப்பாக இருந்தால் யூசர் ஃபோல்டரிலேயே ஆப்பிள் என்று ஒன்று, அதற்குள் மொபைல்சிங்க். அந்த போனுக்கு வேறு பேக்கப் இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் தொடாதீர்கள்.

வீடியோ எடிட்டர் பிரீமியர் என்றால் ஆப்டேட்டா, ரோமிங், அடோபி, காமன் என்ற வரிசையில் மீடியா கேஷ் ஃபைல்ஸ் என்று ஒரு ஃபோல்டர் கிடக்கும். தாராளமாக அழிக்கலாம், வேண்டுமென்றால் மறுபடி உருவாகும்.

பதில் 2

மேலே சொன்னதோட ஒண்ணு. ஃபோல்டர் ஃபோல்டரா ரைட் கிளிக் பண்ணி அளவு பாக்காதீங்க, விடிஞ்சிடும். எது எவ்வளவு இடம் பிடிக்குதுன்னு காட்டுற விஸ்ட்ரீங்கிற டூலை அட்மினா ஓட்டுங்க. என்டிஎஃப்எஸ்ஸோட (விண்டோஸ் டிரைவோட கோப்பு அமைப்பு) கோப்பு அட்டவணையை நேரா படிக்கிறதால சில நொடியில பெருசு எது சின்னது எதுன்னு வரிசையா காட்டிடும்.

ஆன்டிவைரஸ் விஷயம் வேற. அந்த ஃபோல்டரை ஓனர்ஷிப் மாத்தி பலவந்தமா அழிக்காதீங்க. தன்னைத் தானே காத்துக்கிற டிரைவர் இன்னும் ஓடிட்டிருக்கு, அதனாலதான் அனுமதி இல்லைன்னு வருது. கோப்பு போய் டிரைவரோட பதிவு மட்டும் நின்னா நெட் போகும், சில நேரம் விண்டோஸே ஏறாது.

அந்தக் கம்பெனியோட சொந்தத் தளத்துல ரிமூவல் டூல்னு தனியா இருக்கும், பெரிய ஆன்டிவைரஸ் எல்லாத்துக்கும் உண்டு. சேஃப் மோடுல (அத்தியாவசிய டிரைவர் மட்டும் ஏறுற மோடு) ஓட்டச் சொன்னா: ஷிஃப்டை அழுத்திக்கிட்டே ரீஸ்டார்ட், டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், அப்புறம் 4. பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) இருந்தா ரெக்கவரி கீ கேக்கலாம், அதை முன்னாடியே எழுதி வச்சுக்குங்க.

டூல் கிடைக்கலைன்னா அதே பதிப்பை மேலேயே மறுபடி இன்ஸ்டால் பண்ணி, செட்டிங்ஸ்ல செல்ஃப் புரொடெக்‌ஷனை அணைச்சுட்டு, முறைப்படி அன்இன்ஸ்டால் பண்ணுங்க. உடைஞ்சு போன அன்இன்ஸ்டாலர் திரும்ப வந்துடும். ஆனா இதை சாதாரண மோடுல செய்யணும். விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் சேஃப் மோடுல ஓடாது, அது வழியா ஏறுற எம்எஸ்ஐ வகை மென்பொருள் எதுவும் அங்க ஏறவும் செய்யாது இறங்கவும் செய்யாது.

கேள்வி கேட்டவர்

எஸ்டிகே, ஏவிடி, கிரேடில் மூன்றும் சேர்ந்தே 27 ஜிபி. ஐபோன் பேக்கப் 11. ஆன்டிவைரஸும் ரிமூவல் டூலில் போய்விட்டது. விஸ்ட்ரீயில் இப்போது விண்டோஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டாலர் என்று ஒன்று 8 ஜிபி, வின்எஸ்எக்ஸ்எஸ் 10 ஜிபி காட்டுகிறது. இவற்றையும் அழிக்கலாமா?

பதில் 3

இரண்டையும் கையால் தொடக்கூடாது.

இன்ஸ்டாலர் ஃபோல்டரில் இருப்பவை இன்னும் கணினியில் உள்ள மென்பொருள்களின் எம்எஸ்ஐ (நிறுவும் கோப்பு), எம்எஸ்பி (அப்டேட் கோப்பு) நகல்கள். அழித்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த அப்டேட்டிலோ அன்இன்ஸ்டாலிலோ கோப்பு காணோம் என்று நிற்கும். யாருக்கும் சொந்தமில்லாத பழைய கோப்புகளும் அதில் இருக்கக்கூடும், பேட்ச்கிளீனர் என்ற டூல் அவற்றைப் பிரித்துக் காட்டும். அப்போதும் அழிக்காமல் வேறு டிரைவுக்கு நகர்த்தி வைத்துச் சில மாதம் பாருங்கள். புரோகிராம்டேட்டாவில் உள்ள பேக்கேஜ் கேஷுக்கும் இதே எச்சரிக்கை.

விண்டோஸின் பாகங்களைச் சேர்த்துவைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் காட்டும் அளவு பாதி மாயை. அதிலுள்ள பல கோப்புகள் சிஸ்டம்32 போன்ற இடங்களோடு ஹார்டு லிங்க்கில் (ஒரே கோப்புக்கு இரண்டு இடத்தில் பெயர்) பகிரப்பட்டவை, எண்ணும்போது இரண்டு தடவை விழலாம். டிஸ்க் கிளீனப்பைத் திறந்து 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' அழுத்தி, விண்டோஸ் அப்டேட் கிளீனப் டிக் செய்தால் தேவையில்லாதது மட்டும் போகும். பட்டியலில் 'பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' இருந்தால் அதையும் சேர்க்கலாம். பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி அதோடு அடைபடும். இதையே செட்டிங்ஸின் டெம்பரரி ஃபைல்ஸ் பக்கம் வழியாகச் செய்தால், அங்கே டவுன்லோட்ஸ் வரியில் டிக் விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், அது உங்கள் சொந்த ஃபோல்டர்.

இன்னும் இடம் வேண்டுமென்றால் ஹைபர்னேட் கோப்பு (ராமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவைத்துக் கணினியை அணைக்க உதவுவது). சாதாரண அமைப்பில் ராமில் சுமார் 40 சதவீதம், உங்கள் 16 ஜிபிக்கு 6 ஜிபிக்கு மேல். அட்மின் டெர்மினலில் பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, சாய்கோட்டோடு எச், இடைவெளி, ஆஃப் (எல்லாம் ஆங்கில எழுத்தில்) தட்டினால் மறைந்துவிடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் கூடவே போகும், எஸ்எஸ்டியில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. லேப்டாப்பை ஹைபர்னேட்டில் போட்டு மூடும் பழக்கம் இருந்தால் மட்டும் இதை விட்டுவிடுங்கள்.