ரெலிக்வரி: வரி முடிவில் எங்கே உடைப்பது, தமிழில் என்ன சொல்வது?

காந்தல் டிடிபி:
வணக்கம். ஊட்டி காந்தலில் டிடிபி வேலை பார்க்கிறேன். மே 3 குருசடித் திருவிழாவுக்குத் தமிழும் இங்கிலீஷுமாக ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. இங்கிலீஷ் பத்தி ரொம்பக் குறுகல், ரெலிக்வரி (reliquary) என்ற சொல் வரி முடிவில் மாட்டி, க்யூ மேல் வரியிலும் யூ கீழ் வரியிலுமாக நிற்கிறது. எங்கே உடைக்கலாம்? அப்புறம், தமிழிலும் 'திருச்சிலுவை ரெலிக்வரி' என்றே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது சிலுவைத் துண்டா, துண்டு இருக்கும் பெட்டியா? சின்ன வயதில் அம்மா கூட்டிப்போன கோயில், தப்பாக அடிக்க மனசு வரவில்லை.

கோத்தகிரி ப்ரூஃப் ரீடர்:
தம்பி, அமெரிக்க அகராதிப்படி இரண்டு இடத்தில் உடைக்கலாம்: ஆர்-ஈ-எல் முடிந்ததும் ஒன்று, ஐ-க்குப் பின் ஒன்று. இரண்டாவதுதான் நல்லது, 'ரெலி' மேலே நிற்க 'க்வரி' முழுசாகக் கீழே வரும். க்யூவையும் யூவையும் பிரிக்கவே கூடாது, இரண்டும் சேர்ந்துதான் 'க்வ' ஒலி. கடைசி ஆர்-ஒய்யை மட்டும் தனியாகக் கீழே இறக்காதீர்கள். தமிழில் ஹைபன் இல்லாமலே எழுத்துக்கு எழுத்து உடைத்துப் பழகிவிட்டோம், இங்கிலீஷ் அதற்கு இடம் கொடுக்காது. அந்தப் பத்திக்கு மென்பொருளில் எந்த மொழி குறித்திருக்கிறது என்றும் பாருங்கள், தமிழ் என்று கிடந்தால் இங்கிலீஷ் சொல் கண்ட இடத்தில் உடையும்.

வெலிங்டன் உபதேசியார் மகள்:
பெட்டிதான். லத்தீனில் ரெலிக்வியே என்றால் எஞ்சியவை. எஞ்சிய பொருள் ரெலிக், அதை வைக்கும் கூடு ரெலிக்வரி. புத்தரின் அஸ்தி வைத்த பேழைக்கும் இங்கிலீஷில் இதே சொல்தான். நம் கோயில் தமிழில் ரெலிக்கை அருளிக்கம் என்பார்கள், திருப்பண்டம் என்பதும் உண்டு, அப்படியானால் பெட்டி அருளிக்கப் பேழை. அப்பா திருவிழாவுக்கு முந்தின நாள் பேழையைத் துடைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்: முன்னால் கண்ணாடி, பின்னால் மூடியைச் சுற்றிச் சிவப்பு நூல், அதன் மேல் மெழுகு முத்திரை. அந்த முத்திரை மேல் துணி படக்கூடாது என்று அத்தனை கவனமாக இருப்பார். சில பேழைகள் சுற்றிலும் கதிர் வைத்து கதிர்ப்பாத்திரம் போலவே இருக்கும். ஆனால் கதிர்ப்பாத்திரம் நற்கருணை அப்பத்தை வைத்துக் காட்டுவதற்கு, இரண்டையும் குழப்பிவிடாதீர்கள்.

காந்தல் டிடிபி:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ஐ-க்குப் பின் உடைத்தாயிற்று, வரி ஒழுங்காக நிற்கிறது. தமிழில் 'திருச்சிலுவை அருளிக்கம்' என்று மாற்றிக் கேட்டேன், சரி என்றார்கள். 'ரெலிக்வரியை முத்தி செய்ய' என்ற ஒரு வரியில் மட்டும் பேழை என்றே போட்டிருக்கிறேன், நம் உதடு படுவது அந்தக் கண்ணாடியில்தானே.