நடக்கறதுக்கு முன்னாடியே மனசுல ஓட்டிப் பார்த்து வெச்சது கைகொடுத்துச்சா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பல்லாவரம்_மருமகள்

ஒரு விஷயம் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது, அதான் கேக்கறேன். மாமனாருக்கு 74 வயசு. சுகர், பிரஷர், இதயத்துல ரெண்டு ஸ்டென்ட். என்னைக்காவது ராத்திரியில ஏதாவது ஆகும்னு நான் தயாராத்தான் இருந்தேன். ஃபைல் எல்லாம் ஒரே பையில, மாத்திரை லிஸ்ட் பர்ஸ்ல, 108 வந்தா எந்தத் தெரு வழியா வரச் சொல்லணும்ங்கறது வரைக்கும் மனப்பாடம். படுக்கும்போது ஒரு தடவை மனசுல ஓட்டிப் பார்த்துட்டுத்தான் கண்ணை மூடுவேன்.

போன ஐப்பசியில விடிகாலை மூணு மணிக்கு பாத்ரூம்ல தொம்முனு சத்தம். ஓடினா உள்பக்கம் தாழ்ப்பாள். நான் ஓட்டிப் பார்த்ததுல எல்லாம் அவர் கட்டில்லதான் கிடப்பார். கதவுன்னு ஒண்ணு வந்ததே இல்ல. உள்ள குழாய் திறந்தபடி ஓடுது, தண்ணி கதவுக்கு அடியில வந்து என் காலை நனைக்குது. "மாமா, மாமா"ன்னு தட்டிக்கிட்டே நிக்கறேன். கையில ஃபைல் பை. அதை எப்ப எடுத்தேன்னே தெரியல. மாடி வீட்டுப் பையன் வந்து அம்மிக் குழவியால இடிச்சுத் திறந்தான். இடுப்பெலும்பு முறிஞ்சிருந்துச்சு, பிழைச்சுட்டார். ஆனா அந்தத் தண்ணியோட சில்லிப்பு என் கால்ல அப்படியே இருக்கு.

ஜாபர்கான்பேட்டை_மொட்டைமாடி

அக்கா, எங்கப்பா கதையும் கிட்டத்தட்ட இதுதான். 2015 டிசம்பர் 1 ராத்திரி, சென்னை வெள்ளம். செம்பரம்பாக்கம் ஏரி திறந்தது, அடையாறு பொங்கினது எல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது, திரும்பச் சொல்லல.

அப்பா 1985 வெள்ளத்தைப் பார்த்தவர். அப்போ வீட்டுப் பத்திரம் நனைஞ்சு போச்சாம். அதுல இருந்து பத்திரம், சர்டிபிகேட், நகைச்சீட்டு எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ஒரு மஞ்சப்பையில போட்டு ஆணியில மாட்டியே வெச்சிருப்பார். முப்பது வருஷம். நாங்க கேலி பண்ணாத நாள் இல்ல. அன்னைக்குத் தண்ணி வாசல் வழியா வரல, முதல்ல பாத்ரூம் ஜாலி வழியா பொங்குச்சு. அப்பா ஒரு வார்த்தை பேசல. மெயினை அணைச்சார், சிலிண்டரை மூடினார், பையைத் தோள்ல மாட்டினார், அம்மாவை முன்னாடி விட்டு மாடி ஏறிட்டார். பத்து நிமிஷம்கூட ஆகல.

விடிஞ்சதும் மெதுவா என்கிட்ட கேட்டார், "இன்சுலின் எடுத்தியாடா?"

படியில இறங்கிப் பார்த்தேன். ஃப்ரிட்ஜ் மல்லாந்து மிதந்துட்டு இருக்கு. 85-ல அவருக்கு சுகர் கிடையாது. அவர் தயாரா இருந்தது அந்த வெள்ளத்துக்கு. போன்ல சிக்னல் இல்ல. மூணாம் நாள் மீனவங்க படகு வர்ற வரைக்கும் பயந்து பயந்துதான் ஏதோ கொஞ்சம் சாப்பிட்டார். மஞ்சப்பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்த அந்த முகம்தான் எனக்கு ஞாபகம் வருது. ஒரு காகிதம் நனையல.

கீச்சாங்குப்பம்

ரெண்டு பேரும் மன்னிச்சுக்கணும், நான் இதுக்கு நேர் எதிர்க்கட்சி. முன்கூட்டியே நினைச்சு நினைச்சு வாழ்றது ஒரு வியாதி. எனக்கு இருந்துச்சு, அதனால சொல்றேன்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயித்துக்கிழமை. நாகப்பட்டினம் கரையில எங்க ஊர். எனக்கு 13 வயசு. முதல் தண்ணி ஏறிட்டுத் திரும்பினப்போ கரையில மீன் துள்ளிட்டு கிடந்துச்சு. பொறுக்க ஓடின பசங்கள்ல நானும் ஒருத்தன். அம்மா சோத்துக்குக் கூப்பிட்டுச்சுன்னு திரும்பினேன். அதனால இருக்கேன். சுனாமிங்கற வார்த்தையே எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது. பேரே தெரியாததுக்கு என்னத்த தயாராகறது?

அப்புறம் பத்து வருஷம் நான் தயாராவே இருந்தேன். எந்த ஊருக்குப் போனாலும் மாடிப்படி எங்கன்னு பார்ப்பேன். சட்டை போட்டுக்கிட்டே படுப்பேன். கல்யாணமான புதுசுல எம்பொண்டாட்டி பயந்தே போச்சு. அதுக்குப் பேர் தயார்நிலையா?

நைட்_டூட்டி_சிஸ்டர்

நான் அரசு ஆஸ்பத்திரியில 19 வருஷமா நர்ஸ். என் கதை சின்னதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் ஒருத்தருக்கு இதயம் நின்னு போச்சு. பாடம் எல்லாம் தெரியும், ஆனா மருந்து இருக்கற கண்ணாடி ஆம்பியூலை உடைக்கற கை நடுங்கி விரல்ல கிழிச்சுக்கிட்டேன். டியூட்டிக்குப் போற வழியில பஸ்ல கண்ணை மூடி "முதல்ல எதைத் தொடுவேன்"னு மட்டும் நினைச்சுப் பார்க்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான்.

கீச்சாங்குப்பம் தம்பி, உங்களுக்கு இருந்தது பயம். எனக்கும் தெரியும் அது. ஆனா பேர் தெரிஞ்சிருந்தா உயிர் தப்பியிருக்கும்ங்கறதுக்கு அதே நாள்தான் சாட்சி. இந்தோனேசியாவுல சிமெலுவேன்னு ஒரு தீவு, பூகம்ப மையத்துக்கு ரொம்பக் கிட்ட. 1907-ல ஒரு பேரலையில அழிஞ்ச ஊர். அதுக்கு "ஸ்மோங்"னு பேர் வெச்சு, நிலம் ஆடி கடல் உள்வாங்கினா மேட்டுக்கு ஓடுன்னு பேரப்பிள்ளைங்க வரைக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாங்க. 2004-ல 78 ஆயிரம் பேர் இருந்த தீவுல செத்தது ஏழு பேர்தான்னு கணக்கு.

யாரும் கேக்கல, ஆனாலும் சொல்லிடறேன். கேஸ் வாசனை வந்தா கை தானா சுவிட்சுக்குப் போகும். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, ஃபேனா இருந்தாலும் சரி. ரெகுலேட்டரை மூடுங்க, கதவு ஜன்னலைத் திறங்க, வெளிய போய் நின்னுட்டு கேஸ் கசிவுக்கான அவசர நம்பர் 1906-க்கு போன் பண்ணுங்க. இருட்டுல கண்ணை மூடிக்கிட்டு உங்க ரெகுலேட்டரை ஒரு தடவை மூடிப் பாருங்க, கைக்குத் தெரியணும். யாராவது மயங்கி விழுந்து மூச்சு இல்லன்னா 108-ஐ ஸ்பீக்கர்ல போட்டுட்டு நெஞ்சுக்கு நடுவுல அழுத்துங்க. அஞ்சு சென்டிமீட்டராவது இறங்கணும், நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை. விலா உடைஞ்சுடுமோன்னு நிறுத்தாதீங்க. இன்சுலின் போடறவங்க வீட்ல ஒவ்வொரு பிறந்தநாளைக்கும் பையைப் பிரிச்சுப் பாருங்க, போன வருஷம் இல்லாத மாத்திரை இந்த வருஷம் இருக்கும். பாத்ரூம் கதவு வெளிப்பக்கமாத் திறக்கணும். ஆள் உள்ள விழுந்து கிடந்தா உள்பக்கம் திறக்கற கதவு அவர் மேலயே இடிக்கும். பல்லாவரம் அக்கா, உங்க மேல தப்பே இல்ல.

கீச்சாங்குப்பம்

சிஸ்டர், அங்க நிலம் ஆடிச்சு. எங்களுக்கு ஆடவே இல்ல. நம்ம நேரப்படி காலையில 6.29-க்கு அங்க ஆடினது எங்க கரைக்கு வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அந்த ரெண்டு மணி நேரம் யாராவது சொல்லியிருக்கணும். ஹைதராபாத்ல சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007-லதான். இதுல மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனா அந்தத் தீவு விஷயம் எனக்குத் தெரியாது. எம்பொண்ணுக்கு ஆறு வயசு. கடலைப் பத்தி இதுவரைக்கும் வீட்ல நான் வாயே திறந்ததில்ல.

பல்லாவரம்_மருமகள்

சிஸ்டர், ஆசாரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். நிலையைப் பேர்க்க வேணாம், கீலை மட்டும் மாத்தி வெளிப்பக்கமாத் திறக்கற மாதிரி பண்ணித் தரேன்னார். மாமா ஒத்துக்கல. "தாழ்ப்பாளையும் கழட்டிட்டே, கதவையும் மாத்தறியா"ன்னு கோவம். வெள்ளிக்கிழமை நாத்தனார் வர்றா, அவ சொன்னா கேப்பார்.