ஷூபர்ட்டின் பி ஃபிளாட் சொனாட்டாவை ரிக்டர் அவ்வளவு மெதுவாக வாசித்தது ஏன்?

கேள்வி:
வணக்கம். இசையமைப்பாளர் ஷூபர்ட் 1828இல், தாம் இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் எழுதி முடித்த பி ஃபிளாட் மேஜர் சொனாட்டாவை (பல பகுதிகள் கொண்ட தனிப் பியானோ படைப்பு; அவருடைய படைப்புப் பட்டியலில் டி. 960) ஆறு மாதமாகப் பயின்று வருகிறேன். பியானோ கலைஞர் ஸ்வியாதோஸ்லாவ் ரிக்டரின் 1972ஆம் ஆண்டு ஒலிப்பதிவில் முதல் பகுதி மட்டுமே ஏறத்தாழ 24 நிமிடம் ஓடுகிறது. மற்றொரு பியானோ கலைஞரான ஆல்ஃபிரட் ப்ரெண்டெல் அதையே 15 நிமிட அளவில் முடித்துவிடுகிறார். ரிக்டரின் காலப்பிரமாணத்தில் நான் வாசித்தால் நான்காவது பாருக்குள் (தாளச் சுற்றுக்குள்) மெட்டு துண்டுதுண்டாகிவிடுகிறது. 'மோல்டோ மொடராட்டோ' (மிக மிதமாக) என்ற ஷூபர்ட்டின் வேகக் குறிப்புக்கு அந்த வேகம் பொருந்துமா?

முதல் பதில்:
நிமிடக் கணக்கில் ஒரு பங்கு வேகத்தால் வந்ததன்று. ஷூபர்ட் கேட்டபடி முதல் பகுதியின் தொடக்கப் பிரிவை ரிக்டர் திரும்பவும் வாசிக்கிறார், ப்ரெண்டெல் வாசிப்பதில்லை. திரும்பிச் செல்லும் இடத்தில் வேறெங்கும் வராத ஒன்பது பார்கள் இருக்கின்றன. எட்டாவது பாரில் தொலைதூர இடியைப் போல் மிக மெல்லியதாக வந்த கீழ் ஜி ஃபிளாட் டிரில் (அடுத்தடுத்த இரு சுரங்களை விரைவாக மாற்றி மாற்றி ஒலிப்பது), அங்கேதான் ஒரேயொரு முறை முழு உரப்போடு வெடிக்கிறது. அதைக் கேட்டபின், அந்தப் பார்களை விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாம் பதில்:
மெட்டு உடைவதற்குக் காரணம் வேகமன்று, மெட்டை மட்டுமே நீங்கள் கேட்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு அடியில் இடைக்குரலில் நிற்காமல் நடக்கும் குவேவர்களை (அரைத்தட்டுச் சுரங்களை) தனியாக, மிக மெல்லிய ஒலியில், ஒன்றுபோல் வாசித்துப் பழகுங்கள். ரிக்டரிடம் மேல்சுரங்களைத் தாங்கி நிற்பது அந்த நடைதான். விளம்ப காலத்தில் பாடுபவருக்கு உள்ளே தாளம் அறுந்துவிடக் கூடாது என்பார்களே, அதே நிலை இது. 1957இல் மாஸ்கோவில் ரிக்டர் இச்சொனாட்டாவை வாசிக்கக் கேட்ட பியானோ கலைஞர் க்ளென் கூல்ட், ஷூபர்ட்டின் திரும்பத் திரும்ப வரும் அமைப்புகளை அதுவரை பொறுக்க மாட்டாதவராக இருந்தும், அன்று மயக்கத்தில் ஆழ்ந்ததுபோல் அமர்ந்திருந்ததாகப் பின்னாளில் கூறியிருக்கிறார்.

மூன்றாம் பதில்:
நான் சற்று மாறுபடுகிறேன். அறுநூறு பாடல்கள் எழுதியவரின் மெட்டு இது. ரிக்டரின் வேகத்தில் எந்தப் பாடகராலும் ஒரே மூச்சில் இதைப் பாட முடியாது. ஆகவே வேகம் அவருடைய சொந்தத் தெரிவு என்றே கொள்கிறேன். ஆனால் ஷூபர்ட்டின்மீது அவருக்கிருந்த பற்று ஐயத்துக்கு அப்பாற்பட்டது. பாதியில் நின்றுபோன சி மேஜர் சொனாட்டாவை (டி. 840) பலர் முதலிரண்டு பகுதிகளோடு விட்டுவிட, ரிக்டரோ நான்கு பகுதிகளையும் வாசித்து, இறுதிப் பகுதியில் ஷூபர்ட்டின் எழுத்து முறிந்த சுரத்திலேயே கையை எடுத்துவிடுவார்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நேற்றிரவு இடைக்குரலை மட்டும் ஒரு மணி நேரம் வாசித்தேன். பிறகு மெட்டைச் சேர்த்தபோது, ரிக்டரைவிடச் சற்று விரைவாகத்தான் என்றாலும், டிரில் வரும் வரை அது அறுபடவில்லை.