டக்ஸ்டன் பினாக்கிள்: வானத்துப் பாலம் அக்கம்பக்கத்தைச் சேர்த்து வைக்குமா?

வரைபலகை:
சிங்கப்பூரில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டியதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது தஞ்சோங் பகாரில் உள்ள பினாக்கிள் அட் டக்ஸ்டன். 2001-இல் அனைத்துலகப் போட்டி வைத்து, ஆர்க் ஸ்டுடியோவின் வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்து, 2009-இல் கட்டி முடித்தார்கள். ஏழு புளோக், 50 மாடி, 1,848 வீடு. இத்தனையும் சுமார் இரண்டரை ஹெக்டேரில். 26ஆம் மாடியிலும் 50ஆம் மாடியிலும் எல்லாப் புளோக்கையும் பாலத்தால் இணைத்து, அதன்மேல் தோட்டம் வைத்திருக்கிறார்கள்.

நிலம் இல்லாத ஊரில் மக்கள் கூடுவதற்கு மேலேதான் இடம் தேட வேண்டும். இனி கட்டும் உயரமான புளோக்குகளுக்கெல்லாம் இதுவே வழி என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பத்தாம் மாடி:
எனக்கு மறுப்பு இருக்கிறது தம்பி. கட்டடம் அழகுதான், அதில் சண்டை இல்லை. ஆனால் அக்கம்பக்கத்தை உருவாக்குகிற இடம் தினமும் நடக்கிற வழியில் இருக்க வேண்டும்.

பழைய நீள புளோக்குகளில் பொதுத் தாழ்வாரம் உண்டு. லிஃப்டிலிருந்து வீட்டுக்குப் போக நாலு பேர் வாசலைத் தாண்டியாக வேண்டும். தீபாவளிக்கு எந்த வீட்டில் விளக்கு வைத்திருக்கிறார்கள், எந்தப் பாட்டி இரண்டு நாளாக வெளியே வரவில்லை என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். கீழே வாய்ட் டெக், அதாவது தரைத்தளத்தில் வீடு இல்லாமல் திறந்து விட்ட பொது இடம். மலாய்க் கல்யாணம் அங்கேதான், சீனர் வீட்டுச் சாவும் நம் வீட்டுச் சாவும் அங்கேதான். பஸ்ஸுக்குப் போகிறவர் அதைக் கடந்துதான் போவார்.

பினாக்கிளில் கணக்குப் போடுங்கள். 1,848-ஐ ஏழால் வகுத்தால் ஒரு புளோக்குக்கு 264 வீடு. அப்படியென்றால் மாடிக்கு ஐந்தாறு வீடுதான். லிஃப்ட் திறக்கிறது, கதவு மூடுகிறது, அவ்வளவுதான். 14ஆம் மாடிக்காரருக்கு 26ஆம் மாடிக்குப் போக என்ன வேலை?

மழைச்சாரல்:
அக்கா, தாழ்வாரத்தைப் பற்றி இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் படுக்கையறை ஜன்னலை யார் திறந்து வைத்தார்கள்? போகிற வருகிறவர் கண் படும் என்று திரையைப் போட்டு, கண்ணாடியையும் மூடிவிடுவோம். வடக்கும் தெற்கும் பார்க்கக் கட்டி, வெயிலைத் தவிர்த்து, காற்று குறுக்கே ஓடட்டும் என்று யோசித்த வீடு அது. ஜன்னலை மூடியதும் அந்தக் காற்று நின்றுபோனது.

அப்புறம் மின்தூக்கி. பழைய புளோக்குகளில் பலவற்றில் அது சில மாடிகளில் மட்டும்தான் நிற்கும். மற்ற மாடிக்காரர் படியேற வேண்டும். சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். 2001-இல்தான் அதைத் திருத்தும் திட்டமே வந்தது. மாடிக்கு ஐந்தாறு வீடு என்றால் வாசலிலேயே லிஃப்ட், ஜன்னலுக்கு வெளியே யாரும் நடக்க மாட்டார்கள். இதைச் சின்ன லாபம் என்று தள்ள முடியாது.

பத்தாம் மாடி:
தள்ளவில்லை. காற்றும் லிஃப்டும் நல்ல மாற்றங்கள். ஆனால் தாழ்வாரத்தை எடுத்தபோது அது செய்துவந்த வேலையை வேறு எதுவாவது செய்திருக்க வேண்டும். பாலம் அதைச் செய்கிறது என்கிறார் தம்பி. அதைத்தான் நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு பாலமும் சுமார் 500 மீட்டர் நீளம், ஏழு புளோக்குக்கும் பொது. 1,848 குடும்பம் சேர்ந்து பயன்படுத்தும் இடத்தில் எல்லோரும் ஒருவருக்கொருவர் அந்நியர்தான்.

50ஆம் மாடிக்கு வெளியார் வரக் கட்டணம். 26ஆம் மாடி குடியிருப்பவர்களுக்கு மட்டும். அப்படியானால் பக்கத்தில் இருக்கிற பழைய புளோக் ஆட்களுக்கு இந்த இரண்டில் எது சொந்தம்? வாய்ட் டெக் யாரிடமும் டிக்கெட் கேட்டதில்லை.

வரைபலகை:
கட்டணமும் நாளுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் இல்லையென்றால், சுற்றுலாக்காரர்கள் கூட்டத்தில் குடியிருப்பவர்கள் லிஃப்டுக்குக் காத்து நிற்க வேண்டும். அது நியாயமா அக்கா? பாலத்துக்கு வேறு பயனும் இருக்கிறது. இவ்வளவு உயரத்தில் தீப்பிடித்தால் ஒதுங்கி நிற்க நடுவில் ஒரு தளம் வேண்டும், 26ஆம் மாடி அதையும் செய்கிறது. தரையிலும் எதையும் எடுத்துவிடவில்லை. கீழேயும் பொது இடம் இருக்கிறது.

மழைச்சாரல்:
இரண்டு பேரும் ஸ்கைவில் அட் டாசனை மறந்துவிட்டீர்கள். குவீன்ஸ்டவுனில் 2015-இல் வந்த வீவக வீடுகள், வோஹா நிறுவனத்தின் வடிவமைப்பு. 960 வீடு. அவற்றை 80 வீடு கொண்ட தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் காற்றோட்டமான ஒரு பொது முற்றம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது 12 முற்றம். முகம் தெரியாதவர் என்று சொல்ல முடியாத அளவு அந்த 80.

பத்தாம் மாடி:
இதைத்தான் சொல்கிறேன்! 80 வீடு என்றால் குழந்தையை நம்பி விளையாட விடலாம். யாருடைய பேரன் என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இருப்பார்.

வரைபலகை:
அங்கே இடம் அதிகம், அதனால் அப்படிப் பிரிக்க முடிந்தது. டக்ஸ்டனில் இரண்டரை ஹெக்டேருக்குள் 1,848 வீடு. 80, 80-ஆகப் பிரித்தால் 23 முற்றம் வேண்டும். அத்தனை தளப்பரப்பையும் எங்கிருந்து எடுப்பது? வீட்டு எண்ணிக்கை குறையும். நகர மையத்தில் வீடு கிடைக்காமல் போகிற குடும்பங்களை யார் கணக்கில் வைப்பது?

பத்தாம் மாடி:
23 கேட்கவில்லை. இருக்கிற பாலத்துக்கே ஆள் வரக் காரணம் கொடுங்கள். கடிதப் பெட்டிகளை 26ஆம் மாடிக்கு ஏற்றுங்கள். பாலர் பள்ளியும் முதியோர் நடவடிக்கை நிலையமும் அங்கேயே இருக்கட்டும்.

வரைபலகை:
பாலர் பள்ளி வந்தால் வெளியாரும் வருவார்கள், தனி மின்தூக்கி வேண்டும். தபால்காரரை 26 மாடி ஏற்றுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. முதியோர் நிலையத்துக்குச் சம்மதம். ஆனால் அது குடியிருப்பவர்களுக்கு மட்டும்.

பத்தாம் மாடி:
பக்கத்துப் புளோக் முதியவர்களுக்கும் சேர்த்தால்தான் எனக்குச் சம்மதம்.