கொல்லைப்புறம்: சிமெண்ட் போடுறதா, செடி வைக்கிறதா?

வடுவூர்க்காரன் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் எங்க வீடு. கிழக்குப் பார்த்த வாசல், அதனால கொல்லை மேற்கே. 22 அடி அகலம், 40 அடி நீளம் வரும். 2018 நவம்பர் கஜா புயல் வரைக்கும் ரெண்டு தென்னை, ஒரு முருங்கை, ஒரு கொய்யான்னு நிழலா இருந்த இடம். புயல்ல தென்னை ரெண்டும் முறிஞ்சுது, முருங்கை வேரோட சாய்ஞ்சுது. கொய்யா மட்டும் கோணலா நிக்குது. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் கவனிக்கலை. நான் சென்னையில, அண்ணன் ஓசூர்ல. அம்மா மட்டும்தான் வீட்டுல. வயசு 72, முழங்கால் வலி.

மண்ணு சுத்தக் களி. சித்திரையில விரல் போற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசியில கால வச்சா செருப்பு உள்ளேயே நின்னுடும். குளியலறைத் தண்ணியும் துவைக்கிற கல்லுத் தண்ணியும் ஒரே இடத்துல தேங்கி சேறு, கொசு. மதியம் ரெண்டு மணிக்கு மேல வெயில் நேரா பின்கதவுல அடிக்குது.

அண்ணன் முழுக்க சிமெண்ட் போட்டுடலாம், பெருக்க சுலபம், பாம்பு தொல்லையும் இருக்காதுங்கிறார். அம்மா வேண்டாம்னு வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க. ஆனா அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ள போயிடறாங்க. சாயங்காலம் உட்கார ஒரு இடம், கொஞ்சம் கீரை, சாமிக்குப் பூ, இவ்வளவுதான் வேணும். கையில பதினஞ்சாயிரம் இருக்கு. அம்மாவால குனிஞ்சு வேலை பார்க்க முடியாது. ஆடிக்குள்ள ஏதாவது ஆரம்பிக்கணும். எங்கேர்ந்து தொடங்குறது?

கொங்குத் தோட்டம்

முழு சிமெண்ட் வேண்டாங்க. கொரியன் புல்லு பதிச்சு, நடக்கிற வழியில மட்டும் கல்லு போட்டுட்டு, சுவரோரம் அரேகா பாம் வரிசையா வச்சா பார்க்கவே அருமையா இருக்கும். எங்க வீட்டுல அப்படித்தான் பண்ணியிருக்கோம். பராமரிப்புக்கு மாசம் ரெண்டு தடவை ஆள் வர்றாங்க.

பட்டுக்கோட்டை அக்கா

தம்பி, மேல சொன்னவர் கோவிச்சுக்க வேண்டாம். ஆள் வச்சுப் புல்லு வெட்டுற வீடு வேற, எழுபத்திரண்டு வயசு அம்மா தனியா இருக்கிற வீடு வேற. அந்தப் புல்லுக்குத் தினம் தண்ணி வேணும். நம்ம களிமண்ணுல கார்த்திகை மழைக்கு ஊறி அழுகும். விடுங்க.

உங்க அண்ணன் சொல்ற சிமெண்ட்டையும் விடுங்க. மேற்கு வெயில் விழுற தரை, ராத்திரி சாப்பாட்டு நேரம் வரைக்கும் சூடு கக்கும். அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்க முடியாது. மழைத்தண்ணி இறங்க வழியில்லாம பின்கதவுப் படிக்கு வந்து நிக்கும். துவைக்கிற கல்லிலிருந்து பின்கதவு வரைக்கும் ஒன்றரை முழ அகலத்துக்கு மட்டும் நடைபாதை போடுங்க, வழுக்காத சொரசொரப்புக் கல்லா. அம்மாவுக்கு அது போதும்.

நீங்க செடியிலேர்ந்து ஆரம்பிக்கப் பார்க்கிறீங்க. முதல்ல தண்ணி, அப்புறம் நிழல், அப்புறம் உட்கார்ற இடம், கடைசியாத்தான் செடி. நர்சரிக்குப் போனா பதினஞ்சாயிரமும் ஒரே நாள்ல தீர்ந்துடும், சேறு மட்டும் அங்கேயே இருக்கும்.

தண்ணி. யாராவது உறிஞ்சுகுழி தோண்டச் சொல்லுவாங்க. மணல் பூமியில அது சரி. களிமண்ணுல ஆழமாத் தோண்டினா தண்ணி இறங்காது, குழிதான் நிரம்பிக் கிடக்கும். அதனால ஆழம் வேண்டாம், நீளம் வேணும். குளியலறைக் குழாய் முடியற இடத்திலேர்ந்து பத்துப் பதினஞ்சு அடி நீளத்துக்கு, ஒரு அடி ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி வெட்டி, உள்ள உடைசல் செங்கல்லும் ஜல்லியும் போடுங்க. ஜல்லிக்கு மேல தண்ணி தெரியக்கூடாது. ரெண்டு கரையிலயும் மண்ணை அணைச்சு மேடாக்கி, ஒரு பக்கம் வாழை, இன்னொரு பக்கம் கல்வாழை, இடையில சேம்பு. வாழை குடிக்கிற தண்ணிக்கு அளவே கிடையாது. பூவன் வச்சா இலைக்கும் ஆச்சு, பழத்துக்கும் ஆச்சு. மொந்தன்னா பொரியலுக்குக் காய். ஒரு தாய்க்கு ஒரு கன்னு மட்டும் விட்டுட்டு மத்ததை அறுத்துடணும், இல்லேன்னா புதர் ஆயிடும். சோப்புத்தூள் தண்ணியை மட்டும் தினமும் ஒரே வாழை தலையில கட்டாதீங்க. அதுல இருக்கிற உப்பு களிமண்ணை இன்னும் இறுக்கிடும். துணி அலசின கடைசித் தண்ணி தாராளமாப் போகலாம்.

செப்டிக் டேங்க் எங்க இருக்குன்னு நீங்க சொல்லலை. அதைப் பார்த்துட்டு வாய்க்காலை அதுக்கு எதிர்ப்பக்கமா இழுங்க.

நிழல். மரம் வச்சு நிழல் வர வருஷம் ஆகும். இந்த வருஷத்துக்குப் பந்தல்தான். பின்கதவை ஒட்டி, பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஏழடி உயரம். நம்ம பக்கம் சவுக்குக் கழிக்கு என்ன பஞ்சம்? ஆறு கால், மேல குறுக்குக் கழி, கட்டுக்கம்பி. கால் மண்ணுக்குள்ள ரெண்டடி போகணும், போற இடத்துக்குத் தார் பூசுங்க, இல்லேன்னா கறையான் தின்னுடும். மேல இப்போதைக்குத் தென்னங்கீற்று. ஐப்பசிக் காத்துக்கு முன்னாடி கீற்றைப் பிரிச்சு எடுத்துடுங்க, கஜாவைப் பார்த்த ஊருக்கு நான் சொல்லணுமா.

பந்தல் காலுக்குக் கொடி. ஆடியில அவரை போட்டா பகல் குறையக் குறையத்தான் பூக்கும், தையில காய் தொங்கும். பொங்கல் கூட்டுக்குக் கடைக்குப் போக வேண்டாம். இன்னொரு காலுக்குப் பீர்க்கன். பீர்க்கன் பூ சாயங்காலம்தான் விரியும், அந்த நேரத்துக்கு அம்மா அங்க உட்கார்ந்திருந்தா கண்ணுக்கு எதிர்ல மஞ்சளா மலரும். பூ இருக்கு, காய் பிடிக்கலைன்னா ஆண் பூவைப் பறிச்சு, பின்னாடி குட்டிப் பிஞ்சோட இருக்கிற பெண் பூவுல தொட்டு விடச் சொல்லுங்க. நின்னுக்கிட்டே பண்ற வேலைதான். மேற்குப் பக்கத்து ரெண்டு காலுக்கு மட்டும் கறிக்கோவையும் முல்லையும் வச்சுடுங்க. அவரை மாதிரி காஞ்சு போகாம வருஷக்கணக்கா நிக்கும். கோவைக்கு விதை வேண்டாம், தண்டை வெட்டி நட்டா போதும்.

உட்கார்ற இடம். அழகுக்காகத் தாழ்வா ஒரு திட்டு கட்டிடாதீங்க. முழங்கால் வலிக்காரங்க உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டாங்க. ஒன்றரை அடி உயரம் வேணும், பக்கத்துல பிடிச்சு எழ ஒரு பந்தல் கால் இருக்கணும். மேல கடப்பா கல் போடுறதுன்னா நிழல்ல மட்டும் போடுங்க, வெயில் பட்டா தோசைக்கல்தான்.

கீரைக்கு ஒரு யோசனை. கிணத்துக்கு இறக்குற சிமெண்ட் உறை இருக்கு பாருங்க, அதுல ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணு வச்சா இடுப்பு உயரம் வந்துடும். அடிப்பாதிக்குக் காஞ்ச தேங்காய் மட்டையை நெருக்கி அடுக்குங்க, அது தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். மேல உங்க களிமண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கின சாணி எரு ஒரு பங்கு. இப்படி ரெண்டு தொட்டி. ஒண்ணுல அரைக்கீரை, கிள்ளக் கிள்ளத் தழையும். இன்னொண்ணுல சிறுகீரை, மாசம் திரும்பறதுக்குள்ள பிடுங்கிட்டு மறுபடி தெளிக்கலாம். விதையை மணலோட கலந்து தூவுங்க, சுத்தி ஒரு கோடு அரிசி மாவு போடுங்க. எறும்பு மாவைத் தூக்கிட்டுப் போற மும்முரத்துல விதையை விட்டுடும். பூச்சிக்கு வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடிச்சு, ராத்திரி ஒரு லிட்டர் தண்ணியில ஊற வச்சு, காலையில வடிகட்டி, துளி காதி சோப்பு கலந்து சாயங்காலமா அடிக்கணும். அவரையில அசுவினி அப்பும்போதும் இதுவேதான்.

முருங்கை வைக்கணும்னு அம்மா கேட்பாங்க, கேட்காம இருக்க மாட்டாங்க. வைங்க, ஆனா வீட்டையும் பந்தலையும் விட்டு தள்ளி, மேடு போட்டு. வேர்ல தண்ணி நின்னா முருங்கை செத்துடும். பெரியகுளத்துல வெளியிட்ட பி.கே.எம். 1 விதை போட்டா ஆறேழு மாசத்துலேயே காய்க்க ஆரம்பிக்கும். இடுப்புக்கு மேல வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிடணும், அப்பதான் பக்கக் கிளை விட்டு காய் கைக்கு எட்டும். மழைக்காலத்துல கம்பளிப்புழு அடிமரத்துல கூட்டமா அப்பும், அதனாலதான் தள்ளி வைக்கச் சொல்றேன்.

பூவுக்கு: நந்தியாவட்டையும் செம்பருத்தியும் சாமிக்கு. வாசனைக்குப் பவழமல்லி ஒண்ணு. கூட அந்திமந்தாரை விதை நாலு வீசிவிடுங்க, அதுக்குப் பாத்தியும் வேண்டாம் பக்குவமும் வேண்டாம்.

பாம்பு விஷயம். சிறியாநங்கை வச்சா பாம்பு வராதுன்னு சொல்லி செடி விக்கிறாங்க. என் கொல்லையில சிறியாநங்கையை உரசிக்கிட்டே சாரை போகுது. எலி இருந்தா பாம்பு வரும், அவ்வளவுதான். செங்கல் குவியல், விறகு, பழைய ஓடு எதையும் சுவரோரம் அடுக்காதீங்க. பின்கதவுக்கு அடியில இடைவெளி இருந்தா ரப்பர் பட்டை அடிங்க. ராத்திரிக்கு மஞ்சள் ஒளி பல்பு ஒண்ணு போடுங்க, வெள்ளை விளக்குக்கு மொய்க்கிற அளவுக்கு ஈசல் வராது.

ஓய்வு சுகாதார ஆய்வாளர்

அக்கா சொன்னதோடு ஒன்று. சேற்றில், சாக்கடையில் வளர்வது க்யூலெக்ஸ் கொசு. யானைக்கால் பரப்புவது அதுதான். நம் டெல்டாவில் யானைக்கால் கும்பகோணத்தின் பெயரோடு பேசப்பட்டது பெரியவர்களுக்குத் தெரியும். வாய்க்காலில் ஜல்லி நிரப்பினால் அது அடங்கும். ஆனால் டெங்கு பரப்பும் ஏடிஸ் நல்ல தண்ணீரில் முட்டையிடும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, கொட்டாங்குச்சி, பறவைக்கு வைக்கும் கிண்ணம், மூடாத டிரம், எல்லாவற்றையும் வாரம் ஒரு நாள் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது. முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் உயிரோடு இருக்கும். கவிழ்க்க முடியாத தொட்டி என்றால் கப்பி மீன் விடுங்கள்.

வடுவூர்க்காரன்

அக்கா, ரொம்ப நன்றி. சார், உங்களுக்கும். இந்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன். செப்டிக் டேங்க் தெற்கு மூலையில, அதனால வாய்க்காலை வடக்கே இழுக்கக் கயிறு கட்டியாச்சு. உறை மன்னார்குடியிலேயே கிடைக்குது, கொண்டுவந்து இறக்கித் தர்றாங்களாம்.

ஒரு சந்தேகம். பழைய தென்னை அடிக்கட்டை ரெண்டும் அப்படியே மக்கிக் கிடக்கு. மண்வெட்டியால கிளறினா கட்டைவிரல் தடிமனுக்கு வெள்ளைப் புழு, சுருண்டு சுருண்டு கிடக்கு. அந்த மக்கின தூளை உறைத் தொட்டியில போடலாமா? இன்னொண்ணு, எல்லாத்தையும் படிச்சுக் காட்டினப்போ அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "மருதாணி எங்கடா?"

பட்டுக்கோட்டை அக்கா

அது காண்டாமிருக வண்டோட புழு தம்பி. மக்கின தென்னங்கட்டையும் எருக்குழியும்தான் அதுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. வண்டாகிப் பறந்துபோய் அக்கம்பக்கத்துத் தென்னங்குருத்தைக் குடையும். பக்கத்து வீட்டுல புதுசா கன்னு வச்சிருந்தா போச்சு. கட்டையை வேரோட தோண்டி எடுத்து, தூளை வெயில்ல பரப்புங்க. கோழி இருந்தா அதுவே பொறுக்கிடும், இல்லேன்னா காக்கா பார்த்துக்கும். புழு ஒண்ணும் இல்லேன்னு சலிச்சுப் பார்த்துட்டு அந்தத் தூளை வாழை மேட்டுக்குப் போடுங்க, உறைத் தொட்டிக்கு வேண்டாம். கட்டை எடுத்த குழியில ஒண்ணை மூடிட்டு, இன்னொண்ணை முருங்கை மேட்டுக்குத் தோதா இருந்தா வச்சுக்கலாம்.

மருதாணி வடக்கு வேலியோரம். வெயில் வேணும், தண்ணி அதிகம் வேண்டாம், வெட்ட வெட்டத் தழைக்கும். முள்ளு இருக்கு, நடைபாதையை விட்டு மூணடி தள்ளி வைங்க. பென்சில் தடிமனுக்கு முத்தின குச்சியா நாலஞ்சு நட்டா ரெண்டாவது பிழைக்கும். பட்டுக்கோட்டை வழியா வந்தா தனிமடல்ல சொல்லுங்க, என் செடியைக் கழிக்கிற நேரம்தான், குச்சி தர்றேன். ஆடி பிறக்கிறதுக்குள்ள வாங்க.