நுணுக்க வேலைக்கு நல்ல ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவுகளை அறுக்கும் மிஷின்) எது?

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். எனக்குத் தக்கலை பக்கம். பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்தின் மரக்கூரைப் பூக்களைப் பார்த்து வளர்ந்து, மரவேலைக்கு வந்தவன். பூஜையறைக் கதவுகளுக்குப் பூவேலை ஜாலி, அதாவது கண் கண்ணாக அறுத்த மரத்தட்டி, செய்கிறேன். பெரும்பாலும் தேக்கு, அயினி மரம். முக்கால் இஞ்ச் கனம்.

போன வருடம் விலை குறைவென்று 16 இஞ்ச் ஸ்க்ரோல் சா ஒன்று வாங்கினேன். இரு முனையிலும் குறுக்கே சின்னக் கம்பி (பின்) வைத்த பிளேடை மட்டும்தான் அது பிடிக்கும். ஜாலியில் ஒவ்வொரு கண்ணுக்கும் துளை போட்டு, பிளேடைக் கழற்றி உள்ளே கோர்த்து, மறுபடி மாட்ட வேண்டும். அந்தப் பின் நுழைவதற்காகத் துளையைப் பெரிதாக்கினால் சின்ன இதழின் முனையே போய்விடுகிறது. அதிர்வு வேறு. வரைந்த கோடு ஒரு பக்கம், அறுப்பு ஒரு பக்கம். இரண்டு அயினிப் பலகை வீணானதும் கைவாளுக்கே திரும்பினேன். இப்போது மணிக்கட்டு வலி தாங்கவில்லை.

பின் இல்லாத 5 இஞ்ச் பிளேடு, சாவி தேடாமல் கையாலேயே திருகும் கிளாம்ப், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, பிளேடிலிருந்து மிஷினின் பின்புறம் வரை 20 இஞ்சாவது உள்வாங்கும் ஆழம். இவ்வளவும் வேண்டும். டீவால்ட் டிடபிள்யூ788 மனதில் இருக்கிறது. ஆனால் அது அமெரிக்க 120 வோல்ட் மிஷின். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுபவர்கள் இருந்தால், மோட்டார் சூடாகிறதா என்று சொல்லுங்கள். நம் 230 வோல்ட்டுக்கே பொருந்தும் வேறு மிஷின் உண்டா?

அப்புறம், நாகர்கோவில், மார்த்தாண்டம், திருவனந்தபுரத்தில் பின் இல்லாத பிளேடு எங்கே கிடைக்கும்? அயினிக்கு எந்த நம்பர் பிளேடு நல்லது? பயன்படுத்தியவர்கள் அறுத்த துண்டின் படத்தையும் போட்டால் பெரிய உதவி.