உதவி: அறிக்கையின் நிறைவேற்றுச் சுருக்கம் திரும்பி வந்துவிட்டது

உரும்பிராய்வாசி:
வணக்கம். அறிக்கை முடிந்துவிட்டது, அதன் சாரத்தைத் தொடக்கத்தில் தரும் நிறைவேற்றுச் சுருக்கம் மட்டும் சரிவரவில்லை. "இதில் ஒன்றும் இல்லையே" என்று முகாமையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். யாராவது உதவ முடியுமா?

கணக்கர்:
எதைப் பற்றிய அறிக்கை, எத்தனை பக்கம், அதை வைத்து முடிவெடுப்பவர் யார்? சுருக்கத்தின் முதல் வசனங்களையாவது இங்கே இடுங்கள்.

சுன்னாகத்தான்:
தம்பி, பிழை நீளத்தில்தான் இருக்கும். ஒரு பக்கத்தைத் தாண்டினால் எந்தப் பணிப்பாளரும் வாசிக்கமாட்டார். 1940 ஓகஸ்டில் பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சிலே தமது அமைச்சரவைக்கு அப்படித்தான் எழுதினார்.

மூத்த பேனா:
பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் வழக்கம் புதியவர்களிடம் இல்லை. ஆகவே மீண்டும் சொல்கிறேன். முன்னுரை வேறு, சுருக்கம் வேறு. முன்னுரை வாசகரை அறிக்கைக்குள் அழைத்துச் செல்வது. சுருக்கமோ, அறிக்கையைத் திறக்காமலே ஒருவர் முடிவெடுக்க உதவ வேண்டியது. சேர்ச்சில் கேட்டவை சிறு பந்திகளும், புள்ளிவிபரங்களுக்குத் தனிப் பின்னிணைப்பும். ஒரு பக்கம் என்ற கணக்கு அந்தக் குறிப்பில் இல்லை.

சுன்னாகத்தான்:
கருத்து அதுதானே ஐயா.

மூத்த பேனா:
அதுவன்று. அறிக்கையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பதே பொது வழக்கு. நாற்பது பக்க அறிக்கைக்கு இரண்டு பக்கச் சுருக்கம் எழுதுவதில் குற்றமில்லை.

உரும்பிராய்வாசி:
சின்ன வெங்காயச் சேமிப்புக் கொட்டகை பற்றிக் கூட்டுறவுச் சங்க இயக்குநர் சபைக்கு எழுதியது, 40 பக்கம். சுருக்கம் இப்படித் தொடங்குகிறது: "முதலாம் அத்தியாயம் யாழ் குடாநாட்டு வெங்காயச் செய்கையின் பின்னணியை விளக்குகின்றது. இரண்டாம் அத்தியாயம் சேமிப்பு முறைகளை ஆராய்கின்றது."

கணக்கர்:
இது வசனமாக்கப்பட்ட பொருளடக்கம். முகாமையாளர் சொன்னது சரிதான். எந்த அத்தியாயம் எதை ஆராய்கிறது என்பதல்ல, ஆராய்ந்து என்ன கண்டீர்கள், எவ்வளவு பணம் கேட்கிறீர்கள் என்பதே சபைக்குத் தேவை. "அறுவடைக் காலத்தில் விலை வீழ்ந்தாலும், வைத்திருக்க இடமில்லாததால் உறுப்பினர்கள் உடனே விற்றுவிடுகின்றனர், காற்றோட்டமுள்ள கொட்டகை ஒன்றுக்கு இன்ன தொகையை ஒதுக்குமாறு சபையைக் கோருகின்றோம்" என்று தொடங்கி, அதன்கீழ் போட்ட முதல் திரும்பக் கிடைக்கும் காலத்தையும், ஈரப்பதனால் அழுகல் ஏற்படக்கூடிய அபாயத்தையும் எழுதுங்கள். செய்கையின் வரலாற்றை முற்றாக விட்டுவிடலாம். சபையில் இருப்போர் தோட்டக்காரர்கள். அறிக்கையில் இல்லாத எதையும் சுருக்கத்தில் புதிதாகச் சேர்க்காதீர்கள். தொகைகளை அட்டவணையுடன் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

சுன்னாகத்தான்:
ஒரு பக்கத்தில் அடக்கலாம் என்றே இன்னும் நினைக்கிறேன்.

உரும்பிராய்வாசி:
ஒன்றரைப் பக்கம் வந்தது, முகாமையாளர் ஏற்றுக்கொண்டார். ஒப்பந்தகாரர் பின்னர் தந்த புதிய மதிப்பீடு அட்டவணையில் மட்டுமே ஏறியிருந்தது, சுருக்கத்திலும் மாற்றியாயிற்று. நன்றி.